கே-வா சி-யா: எங்க ஊர் பஸ் டைம் சைட்டு வீடு மாறின கதை

மூணு மாசமா இங்க ஒண்ணும் எழுதலை. சோம்பேறித்தனமும் ஒரு காரணம்தான், ஆனா முக்கியமான காரணம் என் பஸ் டைம் சைட்டை புது டொமைனுக்கு (அதாவது சைட்டோட அட்ரஸ் பேர்) மாத்துறேன்னு கிளம்பி நானே குழியை வெட்டி நானே விழுந்தது. சைட்டு கூகுள்ல இருந்து மொத்தமா காணாம போயி, இப்பதான் தவழ்ந்து தவழ்ந்து திரும்ப வந்துட்டிருக்கு. டொமைன் மாத்தலாமான்னு யோசிக்கிறவங்க யாராவது இருந்தா இதைப் படிச்சிட்டு அப்புறமா கை வைங்க.

புதுசா வந்தவங்களுக்கு கொஞ்சம் முன்கதை. கடலூர்ல திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து சந்துல ஒரு சின்ன பிரவுசிங் சென்டர் வச்சிருந்தேன் (ரயில்வே போர்டுல திருப்பாதிரிப்புலியூர்னு முழுசா இருக்கும், ஊர்ல யாரும் அவ்வளவு மூச்சு விட்டு சொல்ல மாட்டாங்க). பஸ்ஸை விட்டுட்டு வர்றவங்க எல்லாரும் கடை வாசல்ல நின்னு "அண்ணே அடுத்த விருத்தாசலம் வண்டி எப்ப"ன்னு கேப்பாங்க, கேட்டு கேட்டு சலிச்சுப்போயி ஒரு ஏ4 பேப்பர்ல டைம் எல்லாம் அடிச்சு வெளிச் சுவத்துல ஒட்டி வச்சேன். 2011 டிசம்பர் 30 தானே புயல்ல கடையோட கூரை ஷீட்டும் போச்சு பேப்பரும் போச்சு, கரண்டு வர்றதுக்கு நாள் கணக்காச்சு. கரண்டு வந்ததும் நான் செஞ்ச முதல் வேலை அந்த பேப்பரை சைட்டா போட்டது, இனிமே எந்த காத்து வந்து பிச்சிக்கிட்டு போகுதுன்னு பாப்போம்னு ஒரு வீம்பு. இப்ப பிரவுசிங் சென்டர் இல்ல, மஞ்சக்குப்பத்துல கல்யாணப் பத்திரிகை டிசைன், பிரிண்ட் அவுட், லேமினேஷன்னு ஓடுது. சைட்டு மட்டும் அப்படியே இருக்கு, 140 பக்கத்துக்கு மேல வந்துடுச்சு.

சரி, ஏன் மாத்தணும்? பேர்தான் பிரச்சனை. கடலூரை காதுல கேக்குற மாதிரி இங்கிலீஷ்ல எழுதினா கே-ல தான ஆரம்பிக்கும், நானும் கே போட்டு கடைசில ரெண்டு ஓ போட்டு வாங்கிட்டேன். ஆனா வெள்ளைக்காரன் எழுதி வச்சிட்டு போனது சி, அப்புறம் யு, நடுவுல ரெண்டு டி, கடைசில ஒரு ஈ. பாண்டி பஸ்ல பக்கத்துல உக்காந்தவர்கிட்ட சைட் பேரை சொன்னா "கே-வா சி-யா சார்"ம்பாரு, கே-ன்னா "ஒரு ஓ-வா ரெண்டு ஓ-வா"ம்பாரு, இதை சொல்லி முடிக்கிறதுக்குள்ள அரியாங்குப்பம் வந்துடும். இது போதாதுன்னு நீலகிரில ஒரு கூடலூர், தேனி பக்கம் ஒரு கூடலூர். "சார் கூடலூர்ல இருந்து ஊட்டிக்கு காலைல முதல் பஸ் எத்தனை மணிக்கு"ன்னு எனக்கு மெயில் வரும். ரெண்டு தடவை விசாரிச்சு பதிலே போட்டிருக்கேன், அது வேற விஷயம்.

போன தீபாவளி லீவுல, சி-ல ஆரம்பிக்கிற, ரெண்டு டி போட்ட பேர் சும்மா கிடைக்குதேன்னு வாங்கிட்டேன். வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் உருப்படியா செஞ்சேன், வேபேக் மெஷின்ல (சைட்டுகளோட பழைய காப்பியை சேத்து வச்சிருக்கிற இடம்) போயி அந்த பேர்ல முன்னாடி யாராவது கடை போட்டிருந்தாங்களான்னு பாத்தேன். வாடகை வீடு பாக்கும்போது முன்ன யாரு குடியிருந்தாங்கன்னு விசாரிக்கிறதில்லையா அது மாதிரிதான், முன்னாடி இருந்தவன் சூதாட்ட சைட்டோ ஸ்பேமோ நடத்தியிருந்தா அந்த கெட்ட பேர் நம்ம தலையில வந்து விடியும். நல்லவேளை சுத்தமா இருந்துச்சு.

அதோட என் புத்திசாலித்தனம் முடிஞ்சுது.

பழைய சைட்டை அப்படியே காப்பி பண்ணி புது டொமைன்ல ஏத்தினேன். டெஸ்ட் பண்ற வரைக்கும் கூகுள் கண்ணுல பட வேணாம், ஒரே விஷயம் ரெண்டு இடத்துல இருந்தா குழம்பிடும்னு வேர்ட்பிரஸ் (என் சைட்டை நடத்துற சாஃப்ட்வேர்) செட்டிங்ஸ்ல ரீடிங்-ங்கற இடத்துல தேடுபொறிகள் வர வேணாம்னு சொல்ற ஒரு குட்டி டிக் பாக்ஸ் இருக்கும் பாருங்க, அதை டிக் பண்ணி வச்சேன். இது சரிதான். அப்புறம் டேட்டாபேஸ்ல பழைய பேரை தேடி புதுப் பேரை போடுன்னு ஒரே அடியா மாத்தினேன், சைடுல இருந்த விட்ஜெட் எல்லாம் மாயம். அரை நாள் மண்டை காஞ்சேன். விஷயம் என்னன்னா வேர்ட்பிரஸ் சில செட்டிங்கை சேமிக்கும்போது பக்கத்துலயே "இதுல இத்தனை எழுத்து"ன்னு எண்ணி எழுதி வச்சிக்கும், பழைய பேர்ல ஊர் பேருக்கு 8 எழுத்து, புதுசுல 9, கணக்கு ஒண்ணு இடிச்சதும் இது செல்லாதுன்னு தூக்கிப் போட்டுடுச்சு. ஒரே ஒரு எழுத்து! அதுக்குன்னே கணக்கையும் சேத்து மாத்துற பிளகின் இருக்கு, அதை போட்டதும் சரியாச்சு. அது சரியான சந்தோஷத்துல, பழைய டொமைன்ல யாரு வந்தாலும் புது டொமைன் முகப்புப் பக்கத்துக்கு அனுப்புன்னு ஒரு வரி ரீடைரக்ட் எழுதிட்டு, மட்டன் குழம்பை சாப்பிட்டு படுத்துட்டேன்.

முதல் வாரம் ஒண்ணும் தெரியலை. கூகுள்ல பழைய அட்ரஸே வந்துட்டிருந்துச்சு, கிளிக் பண்ணா புது சைட்டுக்கு வந்துச்சு, ஆஹா இவ்வளவுதானான்னு நெனச்சேன். ரெண்டாவது வாரம் ஆள் வரத்து குறைய ஆரம்பிச்சுது, மழை, புயல் எச்சரிக்கை, எவன் பஸ்ல போறான்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். நாலாவது வாரம் ஆதார் பிரிண்ட் எடுக்க வந்த ஒருத்தர், "அண்ணே உங்க பஸ் சைட்டு செல்லுல வரவே மாட்டேங்குதே, நிறுத்திட்டீங்களா"ன்னாரு. அவர் முன்னாடியே தேடிப் பாத்தேன். புது டொமைனுக்கு முன்னால சைட்னு போட்டு கோலன் போட்டு தேடினா அந்த சைட்ல இருந்து கூகுள் கிட்ட என்னென்ன பக்கம் இருக்குன்னு ஓரளவு காட்டும். ஒண்ணுமே இல்ல. பழைய பேர்ல தேடினா அங்கயும் பாதிக்கு மேல காலி.

எங்க அக்கா பொண்ணு பாண்டில இன்ஜினியரிங் படிக்குது. சனிக்கிழமை வீட்டுக்கு வந்தப்ப லேப்டாப்பை தள்ளினேன். கூகுளோட சர்ச் கன்சோல்ல (நம்ம சைட்டு கூகுளுக்கு எப்படி தெரியுதுன்னு காட்டுற இடம்) ஒரு பக்கத்தோட அட்ரஸை போட்டு இன்ஸ்பெக்ட் பண்ணிட்டு என்னையே பாத்துச்சு.

"மாமா, நோஇண்டெக்ஸ்னு இருக்கு. நீதான் உள்ள வராதன்னு போர்டு மாட்டி வச்சிருக்க."

"நான் எங்க மாட்டினேன்?"

"டிக் பாக்ஸ் மாமா. எடுக்கவே இல்ல."

அந்த டிக் பாக்ஸ்! டெஸ்டிங்குக்கு போட்டது. பழைய அட்ரஸ் "இங்க ஆள் இல்ல, புது வீட்டுக்கு போ"ங்குது, புது வீட்டுக்கு போனா "என்னை எழுதிக்காத"ங்குது. வந்தவன் என்ன பண்ணுவான், நோட்டுல இருந்து ரெண்டு பேரையும் அடிச்சிட்டான். பழைய சாவியையும் குடுத்துட்டு புது வீட்டுக்கும் உள்பக்கமா தாப்பா போட்டுக்கிட்ட மாதிரி, அஞ்சு வாரம்.

டிக்கை எடுத்தாச்சு, அவ்வளவுதானேன்னேன். பொண்ணு விடலை. பழைய பக்கம் ஒண்ணை கிளிக் பண்ணுச்சு, கடலூர் டு நெய்வேலி. முகப்புக்கு வந்துச்சு. இன்னொண்ணு, பண்ருட்டி. அதுவும் முகப்புக்கு.

"ஏன் மாமா, நெய்வேலி போகணும்னு வர்றவனை எல்லாம் பஸ் ஸ்டாண்டு வாசல்ல இறக்கி விட்டுட்டு நீயே தேடிக்கோன்னா அவன் என்ன பண்ணுவான்?"

இதைத்தான் இந்த பதிவுல நான் முக்கியமா சொல்ல நெனச்சது. 140 பக்கத்தையும் ஒரே முகப்புக்கு திருப்பிவிட்டா கூகுள் அதை மாற்றமாவே எடுத்துக்காது, அந்தப் பக்கம் செத்துப்போச்சு, சும்மா ஒப்புக்கு எங்கயோ அனுப்புறான்னு சாஃப்ட் 404, அதாவது இல்லாத பக்கம்ங்கற கணக்குல சேத்துடும். அந்தப் பக்கம் இத்தனை வருஷமா சம்பாதிச்ச பேரும் அதோட போச்சு. நெய்வேலி பக்கம் நெய்வேலி பக்கத்துக்குத்தான் போகணும், பண்ருட்டி பண்ருட்டிக்கு. என் சைட்டுக்கு யாரும் முகப்பை பாக்க வர்றதே கிடையாது, எல்லாரும் ஏதோ ஒரு ஊருக்கு பஸ் தேடி நேரா அந்தப் பக்கத்துக்கு வர்றவங்க. இது பன்னெண்டு வருஷத்துக்கு மேல நடத்துற எனக்கு தெரியாதா, தெரியும், ஆனா ஒரு வரில முடியுதேன்னு ஒரு ஆசை. அதுலயும் நான் போட்டிருந்தது 302, அதாவது தற்காலிகமா அங்க இருக்கேன்னு அர்த்தம். நிரந்தரமா போயிட்டேன்னு சொல்ல 301 போடணும். ஊருக்கு போயிட்டு வரேன்னு பூட்டிட்டு போறதுக்கும் வீட்டை காலி பண்றதுக்கும் உள்ள வித்தியாசம்.

இன்னொரு நண்பர் சொன்ன ஐடியாவையும் சொல்லிடுறேன். பழைய சைட்டை ரோபோட்ஸ் ஃபைல்ல (தேடுபொறி எதை திறக்கலாம், கூடாதுன்னு சொல்ற ஃபைல்) தடுத்துடு, கூகுள் அதை சீக்கிரம் மறந்துடும்னாரு. நல்லவேளை செய்யலை. தடுத்துட்டா கூகுள்பாட் (பக்கம் பக்கமா படிக்க வர்ற கூகுளோட புரோகிராம்) பழைய பக்கத்தை திறக்கவே முடியாது, திறந்தாதானே உள்ள இருக்கிற 301 தெரியும்? புது அட்ரஸை எழுதி கதவுல ஒட்டிட்டு தெரு கேட்டை பூட்டிட்டா எவன் வந்து படிப்பான்.

டொமைன் மட்டும் மாறி உள்ள இருக்கிற அட்ரஸ் அப்படியே இருந்திருந்தா ஒரே வரில பக்கத்துக்கு பக்கம் ரீடைரக்ட் பண்ணியிருக்கலாம். ஆனா நான் மாத்துறதோட மாத்துறதா லிங்க் எல்லாத்தையும் அழகு படுத்துறேன்னு தமிழ் ஸ்லக்கை (லிங்க்கோட கடைசில வர்ற பக்கத்தோட பேர்) எல்லாம் இங்கிலீஷ் ஆக்கியிருந்தேன். டொமைனையும் லிங்க்கையும் ஒரே நேரத்துல மாத்தாதீங்க, ஒண்ணு அடங்கினப்புறம் இன்னொண்ணு. சரி, ஏன் மாத்தினேன்னா அதுலயும் ஒரு கதை இருக்கு, தமிழ்ல பிளாக் வச்சிருக்கிற எல்லாருக்கும் இது உதவும்.

'கடலூர்'-ன்னா நம்ம கண்ணுக்கு நாலு எழுத்து. கம்ப்யூட்டருக்கு ஆறு, ஏன்னா லூ-வுல ல தனி, கொம்பு தனி, ர் மேல இருக்கிற புள்ளி தனி. லிங்க்குல போகும்போது அந்த ஆறுல ஒவ்வொண்ணும் ஒன்பதா விரியும், மூணு சதவீதக் குறி, ஆறு எழுத்தும் நம்பரும். ஆக 54. வாட்ஸ்அப்ல தமிழ் லிங்க் அனுப்பினா ரெண்டு முழ நீளத்துக்கு சதவீதக் குறியா வருதே, அது இதுதான். வேர்ட்பிரஸ் ஒரு ஸ்லக்குக்கு 200 இடம்தான் குடுக்கும். 'கடலூர் மஞ்சக்குப்பம் மைதானம்'னு ஒரு பதிவு போட்டிருந்தேன், கண்காட்சி சமயத்துல பஸ் எங்க நிக்கும்னு. கடலூருக்கு 54, ஒரு கோடு, மஞ்சக்குப்பத்துக்கு 117, இன்னொரு கோடு, மிச்சம் 27. அதுல மூணுதான் கொள்ளும். ம, அதோட ஐகாரம், அப்புறம் த. லிங்க் 'கடலூர்-மஞ்சக்குப்பம்-மைத'ன்னு நின்னுடுச்சு. மைத! பல வருஷமா அப்படியே இருந்துச்சு, யாரும் கேக்கலை, எனக்குத்தான் பாக்கும்போதெல்லாம் சோத்துல கல்லு மாதிரி இருக்கும்.

அதனால ரீடைரக்டை கையாலதான் எழுத வேண்டியிருந்துச்சு. எக்செல்ல இடது பக்கம் பழைய லிங்க், வலது பக்கம் புதுசு, நானும் அக்கா பொண்ணும் ஞாயித்துக்கிழமை முழுக்க உக்காந்தோம், பேமெண்ட் ரெண்டு பிளேட் பரோட்டா. பிரவுசர்ல இருந்து காப்பி பண்ணி ஒட்டினா சதவீதக் குறி இன்னொரு தடவை குறியீடா மாறி %25-ன்னு ஆகி 404 அடிக்கும், முதல் இருபது லிங்க் அப்படித்தான் போச்சு. ரூல்ல தமிழ் எழுத்தாவே நேரா போட்டதும் வேலை செஞ்சுது. ஒவ்வொண்ணையும் கிளிக் பண்ணி பாத்தோம். சோம்பல் படாம கிளிக் பண்ணிப் பாருங்க, பதிமூணு லிங்க் தப்பான ஊருக்கு போயிட்டிருந்துச்சு, அதுல ஒண்ணு சிதம்பரம் கேட்டவனை திருக்கோவிலூர் அனுப்பிச்சு.

அப்புறம் சர்ச் கன்சோல். பழைய டொமைன், புது டொமைன் ரெண்டும் நம்மளதுன்னு நிரூபிக்கணும், ஒரே அக்கவுண்ட்ல இருக்கணும். டிஎன்எஸ்ல (டொமைன் பேர் எந்த சர்வருக்கு போகணும்னு சொல்ற பதிவு) ஒரு டெக்ஸ்ட் வரி சேத்தா போதும். அதுல முகவரி மாற்றம்னு ஒரு கருவி இருக்கு, பழைய முகப்பு 301-ல போகுதான்னு அதுவே சோதிச்சு பாத்துட்டு ஏத்துக்கும், 180 நாளைக்கு அந்த கணக்கை வச்சிருக்கும். புது சைட்மேப் (சைட்டுல இருக்கிற பக்கங்களோட பட்டியல்) ஒண்ணும் குடுத்தேன். முக்கியமான சில பக்கத்துக்கு மட்டும் இண்டெக்ஸ் பண்ணச் சொல்லி, அதாவது தேடல் பட்டியல்ல சேக்கச் சொல்லி, தனித்தனியா கேட்டேன், ஒரு நாளைக்கு இத்தனைன்னு அளவு இருக்கு, அதுக்கு மேல கேட்டா நாளைக்கு வாங்கும். திரும்பத் திரும்ப அமுக்கினா வரிசைல முன்னாடி போக முடியாது, லிஃப்ட் பட்டன் மாதிரிதான்.

அதுக்கப்புறம் காத்திருக்கிறதுதான். எனக்கு பொறுமை கிடையாது, ராத்திரி கடையை சாத்திட்டு பழைய சர்வரோட லாகை திறந்து வச்சிக்குவேன். யாரு வந்தாலும் அதுல ஒரு வரி விழும். 66.249-ன்னு ஆரம்பிக்கிற நம்பர், பக்கத்துல கூகுள்பாட்னு பேர் (பேரை யாரு வேணா போட்டுக்கலாம், நம்பரையும் பாக்கணும்). வருது, நெய்வேலி பக்கத்தை கேக்குது, 301, போயிடுச்சு. உடனே புது சர்வர் லாகை போயி பாப்பேன். இல்ல. அது அப்படியே நேரா வராது போல, அட்ரஸை குறிச்சுக்கிட்டு போயி அதுக்கு தோதுப்படும்போதுதான் வருது. மறுநாள் மத்தியானம் புது லாக்ல அதே நெய்வேலி, 200, பக்கம் சரியா கிடைச்சுதுன்னு அர்த்தம். சொன்னா சிரிப்பீங்க, கடையில இருந்த கஸ்டமர்கிட்ட "வந்துடுச்சு சார்"ன்னேன், அவர் தன்னோட கலர் பிரிண்ட் வந்துடுச்சுன்னு எழுந்து வந்தாரு.

நெறைய பேர் தேடுற பக்கம் முதல்ல வந்துச்சு. பாண்டி வண்டி, சிதம்பரம் வண்டி எல்லாம் பத்து நாளுக்குள்ள. வருஷத்துக்கு நாலு பேர் பாக்குற உள்ளூர் பக்கங்கள் மெதுவாத்தான், அதுல சிலது 'கண்டுபிடிச்சாச்சு, இப்போதைக்கு இண்டெக்ஸ் பண்ணலை'ன்னு லிஸ்டுல நிக்குது. அடிக்கடி பாக்குற பக்கத்துக்கு பாட் அடிக்கடி வரும், மத்ததுக்கு ஆடி அசைஞ்சு வரும், கிராமத்துக்கு போற டவுன் பஸ் மாதிரி. பிங் மாதிரி சில தேடுபொறிகளுக்கு இண்டெக்ஸ்நவ்-னு ஒரு வழி இருக்கு, பக்கம் மாறினா நாமளே தட்டி சொல்லிடலாம், அங்க இருந்து ஆளு வர்றது கைவிரல்ல எண்ற அளவுதான்னாலும் போட்டு வச்சேன்.

பேர் மாத்துறது பத்தி யோசிச்சப்பதான் பாண்டி ஞாபகம் வந்துச்சு. 2006-ல புதுச்சேரின்னு மாத்தினாங்க. இன்னைக்கும் வண்டி நம்பர் பிளேட்டுல பி-ஒய், யுனிவர்சிட்டி பேர்ல பாண்டிச்சேரி, கடலூர் பஸ் ஸ்டாண்டுல "பாண்டி பாண்டி பாண்டி"ன்னுதான் கூவுறாங்க. அத்தனை வருஷம் ஆகியும் ரீடைரக்ட் முடியலை! அதனால என் பக்கத்துல பாண்டி, பாண்டிச்சேரி, புதுச்சேரி, புதுவைன்னு நாலும் எங்கயாவது ஒரு இடத்துல இயல்பா வர்ற மாதிரி எழுதி வச்சிருக்கேன், தேடுறவன் எந்த பேர்ல தேடுவான்னு யாருக்குத் தெரியும். கடலூருக்கும் அதே மாதிரி கே, சி ரெண்டையும்.

பழைய டொமைனை விட்டுடலாமான்னு கேட்டு ஏற்கனவே ரெண்டு பேர் மெசேஜ் பண்ணியிருக்காங்க. விடாதீங்க. குறைஞ்சது ஒரு வருஷமாவது 301 ஓடணும்னு கூகுளே சொல்லுது. அதுக்கப்புறமும் வாட்ஸ்அப் குரூப்புல ஃபார்வர்ட் ஆன லிங்க் எல்லாம் பழைய பேர்லதான் சுத்திட்டிருக்கும். ரினியூ பண்ணாம விட்டா கொஞ்ச நாள்ல வேற எவனாவது வாங்கி நம்ம லிங்க்குல ரம்மி விளம்பரம் போடுவான்.

நானும் ஒரு வருஷம் போதும்னுதான் இருந்தேன். போன வாரம் கிருமாம்பாக்கத்துல ஒரு கஸ்டமருக்கு பத்திரிகை டெலிவரி குடுக்க பைக்ல போனப்ப முள்ளோடைகிட்ட டீ குடிக்க நின்னேன். டீக்கடை தட்டிக்கு மேல நான் எப்பவோ குடுத்த பஸ் டைம் பேப்பர், ஓரமெல்லாம் எண்ணெய் பிசுக்கு, கீழ பெருசா பழைய அட்ரஸ், கே போட்டு ரெண்டு ஓ போட்டு. ஒரு காலேஜ் பையன் அதைப் பாத்து செல்லுல டைப் பண்ணான். எட்டிப் பாத்தேன், புது சைட்டுல சரியான பக்கத்துலதான் போயி இறங்கினான். கடைக்காரர்கிட்ட பேப்பரை மாத்திக் குடுக்கவான்னேன். "நல்லாத்தான இருக்கு தம்பி, எதுக்கு"ன்னாரு. லேமினேஷன் நான் பண்ணது, 250 மைக்ரான், அது இப்போதைக்கு கிழியாது. வீட்டுக்கு வந்து பழைய டொமைனுக்கு அஞ்சு வருஷத்துக்கு பணம் கட்டிட்டேன்.